பிடித்த மூச்சு

அக்கா காலை பதினோரு மணிக்குத் தனியாக வந்தாள். ஸ்கேன் மேஜையில் ஏறிப் படுத்ததும், "என்னடா, வாஷிங் மெஷின்ல துணியைத் திணிக்கிற மாதிரி திணிக்கிறே?" என்று கேட்டாள். வேறு யாராவது கேட்டிருந்தால் தம்பி சிரித்திருப்பான். பன்னிரண்டு வருடமாக இந்த இயந்திரத்தை ஓட்டுகிறவன், இன்று அவள் வயிற்றில் மூச்சை அளக்கும் பட்டையை இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினான்.

அக்காவின் கணையத்தில் கட்டி. ஊசியில் ஏற்றும் கதிர்மருந்து அந்த வகைக் கட்டியைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு ஒளிரும். சி.டி. உடம்பின் உள்ளமைப்பைக் காட்டும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால், ஒளி எந்த உறுப்பில் என்று பிடிபட்டுவிடும். ஒரே இடத்தில் இருந்தால் அறுத்து எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். பரவியிருந்தால் என்ன என்று கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டார்.

"மூச்சை இழு அக்கா... பிடி... ம், விடு."

படம் வந்தது. கணையத்தில் ஒரே ஒரு புள்ளி. கல்லீரல் சுத்தம். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் இன்னொன்றைப் பார்த்தான்.

அது உடம்புக்கு வெளியே இருந்தது. அக்காவின் வலது பக்கம், ஒரு சாண் தள்ளி, வெறும் காற்றில்.

மருந்து சிந்தியிருக்கும் என்று கதிர் மீட்டரை எடுத்துக்கொண்டு ஓடினான். மீட்டர் வாயே திறக்கவில்லை. திரும்பி வந்து திரையை உற்றுப் பார்த்தான். ஒரு பக்கம் சப்பையான பட்டாணி போன்ற அந்தப் புள்ளியை அவனுக்குத் தெரியும்.

போன வருடம் ஒரு வேன் டிரைவர் வந்தார். அவருக்குக் கல்லீரல் ஓரத்தில் இதே புள்ளி, சி.டி.யோடு பொருந்தாமல் நின்றது. 'நடுவில் மூச்சை விட்டுத் தொலைத்திருப்பான்' என்று தம்பி முடிவுகட்டி, ஒளிப்படத்தை ஒரு விரற்கடை கீழே தள்ளிக் குடலோடு சேர்த்துவிட்டான். குடலில் மருந்து தெரிவது சகஜம் என்பதால் டாக்டரும் நம்பினார். ஏழு மாதம் கழித்து, கல்லீரல் கட்டி முற்றி எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்த டிரைவர் கோபப்படக்கூட இல்லை.

"நீங்க விடச் சொல்லவே இல்லையே சார். நான் பிடிச்சுட்டேதானே இருந்தேன்?"

அடுத்த வாரமே அவர் போய்ச் சேர்ந்தார். தம்பி யாரிடமும் மூச்சு விடவில்லை.

"அக்கா, இன்னொரு தடவை எடுத்துக்கறேன். அசையாதே."

மேஜை உள்ளே போனது. சற்று நேரத்தில் ஸ்பீக்கரில் அக்காவின் கிசுகிசுப்பு.

"டேய்... பக்கத்துல யாரோ படுத்திருக்காங்கடா. மூச்சை இழுக்கற சத்தம் கேக்குது."

"ஏசி சத்தம்க்கா."

"விடற சத்தம் கேக்கலையேடா."

இரண்டாவது படத்தில் புள்ளி அவள் தோலை ஒட்டி இருந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். மனசு கேட்கவில்லை. அசைவுதான், வேறொன்றுமில்லை என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு மூன்றாவது முறையும் எடுத்தான்.

வெளியே எதுவும் இல்லை.

கல்லீரலில் ஏழு புள்ளிகள்.

டாக்டர் வந்து கடைசிப் படத்தைப் பார்த்தார். தம்பி முதல் படத்தைத் திறந்து காட்டினான். அதிலும் இப்போது ஏழு இருந்தன. "லிவர் பூரா பரவிடுச்சேப்பா," என்றார் டாக்டர் தணிந்த குரலில். "இனிமே ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனமில்ல."

"என்னடா சொன்னாரு?" செருப்பை மாட்டிக்கொண்டே அக்கா கேட்டாள்.

"ரிப்போர்ட் வரட்டும்க்கா."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தலையை ஒருமுறை தடவிவிட்டு வெளியே போனாள். அந்தத் தடவலைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இயந்திரத்தை அணைக்கப் போனான்.

திரையின் மூலையில் மூச்சுக்கோடு ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்கு அப்பால் மேஜை காலி. அவிழ்த்துப் போட்ட பட்டை அதன்மேல் சுருண்டு கிடந்தது.

கோடு மெல்ல ஏறியது. உச்சிக்குப் போய் அங்கேயே நின்றது.

அவன் மைக்கை நெருங்கினான்.

"விடுங்க சார்... மூச்சை விடுங்க."

கோடு இறங்கவில்லை.