கூனனின் வயிறு

விமானப்படைச் சிப்பாய் நேவியோ தெஸ்ஸாரி, காயம் ஆறி மருத்துவமனையிலிருந்து இத்தாலியின் சார்தீனியத் தீவிலிருந்த விமானத்தளத்துக்குத் திரும்பியபோது நல்ல வெயில். ஓடுபாதையோரம் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மெக்கானிக் பிராஸ் ஆட்டுப்பாற்கட்டியைக் கடித்தபடி கைகாட்டினார்.

"உன் கூனன் பட்டறையிலிருந்து வந்துட்டான் பாரு. ஆளே மாறிட்டான்."

முதுகில் துப்பாக்கி மேடு புடைத்த அந்த மூன்று எஞ்சின் விமானத்துக்குச் சிப்பாய்கள் வைத்த பெயர் அது. பயணிகளுக்காகத்தான் முதலில் அதை வடிவமைத்தார்களாம். ஸ்பெயின் போரில் குண்டு போட்டது. பிறகு கப்பல்களை மூழ்கடிக்க அடியில் நீருக்குள் பாயும் டார்பிடோ குண்டு கட்டினார்கள். இப்போது, உலகப்போர் நடக்கும் 1943-இல், இன்னொரு ரகம். எஞ்சினுக்கு வலு கூட்டி, வேகத்துக்காக வயிற்றில் தொங்கிய, ஆள் படுத்துச் சுடும் கூண்டை அறுத்தெடுத்திருந்தார்கள்.

நேவியோ குனிந்து பார்த்தான். கூண்டு இருந்த இடம் மழமழவென்று தட்டையாக இருந்தது.

அந்தக் கூண்டில்தான் நேவியோவோடு பறந்த துப்பாக்கிக்காரன் துல்லியோ படுத்திருந்தான். குளிர்காலத்தில் ஒருநாள், குண்டடி பட்டுக் கூண்டின் கதவு இறுகிவிட்டது. சக்கரங்களும் வெளிவரவில்லை. எரிபொருள் தீர்ந்துபோக, விமானத்தின் வயிறு மண்ணை உழத் தரையிறக்குவதைத் தவிர விமானி மராங்கோனுக்கு வழியிருக்கவில்லை. நேவியோ நகம் பெயரக் கதவை இழுத்தான். தரை வரும்வரை துல்லியோ உள்ளிருந்து தட்டிக்கொண்டே இருந்தான்.

"வேற விமானம் இல்லையா அண்ணே?"

"ராஜா உனக்குச் சொந்தக்காரரா, புதுசா ஒண்ணு அனுப்ப? பறக்கறதே ரெண்டுதான். மதியம் கிளம்பணும்."

கடலுக்கு மேல் வந்ததும் வாடை அடித்தது. உழுத மண்ணும் கருகிய எண்ணெயும் கலந்த வாடை.

சுற்றிலும் தண்ணீர். மண் எங்கிருந்து வந்தது?

பிறகு, காலடியில் ஏதோ தட்டியது.

மராங்கோன் திரும்பாமலே கேட்டார். "யாரு அது?"

பின்னால் நின்ற நேவியோ காலடியைப் பார்த்தான். "எஞ்சின் சார்."

"எஞ்சின் நின்னு நின்னு தட்டுமா?"

தூரத்தில் எதிரிக் கப்பல்கள் தெரிந்தன. பக்கத்தில் வந்த இன்னொரு கூனனும் தாழ்ந்தது. மராங்கோன் டார்பிடோவை விடுவிக்கும் பிடியில் கைவைத்தார்.

"இறக்காதீங்க சார்."

சொன்னது நேவியோ இல்லை. குரல் விமானத்தின் தளத்துக்கடியிலிருந்து வந்தது.

"நான் இங்க இருக்கேன் சார். இறக்காதீங்க."

மராங்கோனின் கை பிடியிலேயே உறைந்தது. கப்பல் அவர்களுக்குக் கீழே கடந்து போயிற்று. துணையாக வந்த விமானம் தனியே குண்டுமழையில் சிக்கி, தீப்பிடித்து, கடலில் விழுந்தது. அதிலிருந்து யாரும் வெளியே வரவில்லை.

போட வேண்டிய டார்பிடோவோடு திரும்பினார்கள். இந்த முறை சக்கரங்கள் ஒழுங்காக இறங்கின. மராங்கோன் புல்லில் உட்கார்ந்து முழங்காலில் முகம் புதைத்துக்கொண்டார்.

தளபதி வந்து நின்றார். "இனி இருக்கறது இது ஒண்ணுதான். நாளைக்கும் நீங்கதான் போறீங்க."



பிராஸ் வயிற்றுக்கடியில் ஊர்ந்து போனார். "நேவியோ, இங்க வா. இது என்ன ஈரம்?"

கூண்டை அறுத்த இடத்தில், கண்ணாடியில் வாய்வைத்து ஊதினாற்போல் ஓர் ஆவிப்படலம். பிராஸ் துணியால் துடைத்தார். வண்ணம் உலர்ந்து பளபளத்தது.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படலம் திரும்பப் படிந்து, மூச்சு விடுவதுபோல் மெல்ல விரிந்தது.

சுருங்கியது.

மறுபடி விரிந்தது.