வெடி வைக்காத நாள்

"உன் வூட்டுக்காரன் அன்னிக்கு டூட்டிக்கே வரலம்மா."

"டிபன் பாக்ஸ் எடுத்துட்டுத்தாங்க சார் போனாரு."

"டிபன் பாக்ஸ் எடுத்துட்டுப் போறவன்லாம் குவாரிக்குத்தான் வருவானா? அவன் பைக்கு அரியலூர் ரயில்வே ஸ்டேஷன்ல நிக்குது. திருப்பூர்ப் பக்கம் விசாரிச்சுப் பாரு. எவ கையால சாப்பிடுறானோ!"

பக்கத்தில் நின்ற லாரி டிரைவர்கள் சிரித்தார்கள். இரண்டு மழைக்காலத்துக்கு முன்பு, சுண்ணாம்புக்கல் குவாரியின் கேட்டருகே மேனேஜர் சிங்காரவேலுவும் வெற்றிச்செல்வியும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். அன்று அவள் கேட்க வந்தது வேறு. அவள் கணவன் கலைவாணன் காணாமல் போன அதே காலையில் பழைய குழியின் கரை சரிந்து விழுந்திருந்தது. அந்தச் சரிவைத் தோண்டிப் பாருங்கள் என்று கேட்கத்தான் பஸ் ஏறி வந்திருந்தாள். சிரிப்புச் சத்தத்தில் அதைக் கேட்காமலே திரும்பிவிட்டாள். தோண்டிப் பார்த்து உள்ளே யாரும் இல்லையென்றால், திருப்பூர்க் கதை உண்மையாகிவிடுமே என்ற பயமும் இருந்தது.

இப்போது அதே மேனேஜரின் அறையில், அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். அரியலூரில் அவள் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடைக்கு அழைப்பு வந்ததும், நானே போகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவளைக் கண்டதும் சிங்காரவேலுவின் முகம் மாறியது.

"ஏம்மா, கடையில ஆம்பளை யாரும் இல்லியா?"

"இருக்காங்க சார். அவங்களுக்கு இந்த வேலை தெரியாதுங்க."

பழுதானது, வெடி வைக்கும்போது சுற்றிலும் தரை எவ்வளவு குலுங்குகிறது என்று அளக்கும் கணினி. அதன் சென்சார் இந்த அறைச் சுவருக்கு வெளியே மண்ணில் புதைந்திருந்தது. தரை அதிர்ந்தால் மட்டும் அது பதிவு செய்யும். மற்ற நேரம் ஓர் எழுத்தும் எழுதாது. வாரத்துக்குச் சில வெடிகள்தான் இங்கே. பத்து வருடம் ஓடினாலும் பாதி டிஸ்க்கூட நிறையாது.

டிஸ்க் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் குவாரி அடங்கிக் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே ஐப்பசி மேகம் கவிந்து, பிற்பகலே சாயங்காலம் போலிருந்தது; ஈரமான சுண்ணாம்புத் தூளின் வாடையும் டீசல் வாடையும் கலந்து, மழையில் நனைந்த சுவர் மெதுவாக மூச்சு விடுவதுபோல அறைக்குள் வந்துகொண்டிருந்தன. சிங்காரவேலு கதவோரம் உயரமான ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கால்களையும் அதன் குறுக்குச் சட்டத்தில் தூக்கி வைத்திருந்தார். வந்ததிலிருந்து அவர் கால் தரையில் படவே இல்லை என்பதை அவள் கவனித்தாள்.

பென் டிரைவிலிருந்து கணினியை எழுப்பினாள். பயன்பாட்டில் இருக்கும்போதே டிஸ்க்கைப் பழுது பார்த்தால் மிச்சமும் போய்விடும். அதனால் அதைத் தனியே ஒதுக்கிவிட்டு, கறுப்புத் திரையில், டிஸ்க்கின் பிழைகளைத் தேடும் எஃப்.எஸ்.சி.கே. கட்டளையை எதையும் மாற்றாமல் சோதிக்க மட்டும் ஓடவிட்டாள். வரிகள் ஏறின. பதிவுகள் இருந்த ஃபோல்டர் உடைந்து கிடந்தது. யாரோ அதை மொத்தமாக அழிக்கத் தொடங்கி, முடிவதற்குள் மின்சாரத்தைத் துண்டித்திருக்கிறார்கள்.

"பிளக்கைப் புடுங்கினது யாருங்க சார்?"

"கரண்டு போச்சும்மா."

"யூ.பி.எஸ். நல்லாத்தானங்க இருக்கு."

அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பழசெல்லாம் நமக்கு எதுக்கு? ஃபார்மட் பண்ணிடு. நாளைக்கு மைன்ஸ் ஆபீசருங்க செக் பண்ண வர்றப்ப ஓடுனா போதும்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் செய்திருப்பாள். அவள் கட்டளையை மறுபடி கொடுத்தாள். இந்த முறை பழுது பார்க்க.

கணினி கேட்டது: எந்த ஃபோல்டரிலும் சேராத கோப்பு ஒன்று இருக்கிறது, சேர்க்கவா? ஆம் என்று விசையைத் தட்டினாள். இன்னொன்று இருக்கிறது, சேர்க்கவா? ஆம். இன்னொன்று. ஆம். விரல் வலிக்கும்வரை கேட்டது. பெயர்கள் போய்விட்டன, வெறும் எண்களோடு தொலைந்து மீண்டவை சேரும் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் ஃபோல்டரில் அவை வந்து குவிந்தன. உள்ளடக்கமும் தேதியும் மட்டும் அப்படியே இருந்தன.

தேதிகளைப் பார்த்தாள். ஞாயிறு. தீபாவளி. பொங்கல். நள்ளிரவுகள். வெடி வைக்காத நாட்கள்.

திருட்டு வெடி வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஒன்றைத் திறந்தாள். வெடியின் அலை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரே பாய்ச்சலாக எழுந்து, நடுங்கி, அடங்கும். இது அப்படி இல்லை. சின்னச் சின்ன மேடுகள். ஒரே உயரம். ஒரே இடைவெளி. அதிர்வை ஒலியாகக் கேட்கவைக்கும் பட்டனை அழுத்தினாள்.

டொக்.

டொக்.

கல்லில் கல் படும் ஓசை.

வெடி அல்லாதவற்றில் இருப்பதிலேயே பழையதைத் தேடித் திறந்தாள். கரை சரிந்த நாள். நீண்ட உறுமல், அப்புறம் அமைதி, அப்புறம் தட்டல். அவசர அவசரமாக, இடைவெளி இல்லாமல், வெறி பிடித்ததுபோல. மறுநாளும் தட்டல். அதற்கு மறுநாள் கொஞ்சம் தளர்ந்து. அந்த வாரம்தான் அவள் அவனுடைய சட்டைகளை மூட்டையாகக் கட்டி, நாசமாகப் போ என்று கத்திக் கிணற்றில் வீசினாள். அவள் கத்திக்கொண்டிருந்தபோது இங்கே ஒருவன் தட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

பிறகு தட்டல் நின்றிருந்தது. நீண்ட நாட்களுக்கு வெடிகளின் பதிவுகளைத் தவிர ஒரு கோப்பும் இல்லை. ஏன் நின்றது என்று அவளுக்குப் புரிந்தது. கண்கள் நிறைந்தன. திரை கலங்கியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோதுதான், பட்டியல் அங்கே முடியவில்லை என்று கண்டாள்.

கார்த்திகையில் மறுபடி தொடங்கியிருந்தது. இப்போது அவசரம் இல்லை. தளர்ச்சியும் இல்லை. தனக்கு இனி நேரத்துக்குக் குறைவில்லை என்பதுபோல, நிதானமாக ஒவ்வொன்றாக. மாதத்துக்கு மாதம் மேடுகள் உயர்ந்தன.

"சத்தம் ஏன் சார் கூடிக்கிட்டே போவுது?"

"கூடல." சிங்காரவேலுவின் குரல் கிசுகிசுத்தது. "கிட்ட வருது. நானும் அழிச்சு அழிச்சுப் பாத்துட்டேன். அழிக்க அழிக்க வருதும்மா."

"அவரு பைக்கைக் கொண்டுபோயி ஸ்டேஷன்ல விட்டது யாரு?"

அவர் செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கதவைப் பார்த்தார். 

பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுக் கணினியை மறுபடி இயக்கினாள். டிஸ்க் சரியாகிவிட்டது. அளக்கும் திரை தானாகத் திறந்தது. பச்சைக் கோடு ஒன்று வலப்பக்கம் நகரத் தொடங்கியது. நேராக. அசைவில்லாமல். வெளியே இயந்திரம் எதுவும் ஓடவில்லை. மழைகூட இன்னும் தொடங்கவில்லை.

கோடு எழுந்தது.

அடங்கியது. மறுபடி எழுந்தது.

இம்முறை ஒலிக்கு அவள் பட்டனை அழுத்தவில்லை. செருப்பை வாசலில் விட்டு வந்திருந்தாள். வெறும் பாதத்தில் டைல்ஸ் தரை குளிர்ந்தது. குதிகாலுக்குக் கீழே. மெதுவாக.

டொக்.

"என்னங்..." என்று கணவனைக் கூப்பிட வாயெடுத்தாள். சிங்காரவேலு ஸ்டூல்மேல் குத்துக்காலிட்டு ஏறியிருந்தார். வேண்டாம், வேண்டாம் என்று இரண்டு கைகளையும் ஆட்டினார்.

"பேசாத. ஆளு குரலு அதுக்குக் கேக்குது. கேட்டா வேகமா வருது."

தட்டல் நின்றது.

கேட்டுவிட்டது.

அறைக்குள் காற்று அசையவில்லை. சரிவைத் தோண்டச் சொல்ல வேண்டும் என்று இத்தனை நாள் நெஞ்சில் சுமந்தது முதலில் அவன் உயிருக்காக. பிறகு உடலுக்காக. இப்போது கீழே இருப்பது இரண்டில் எது என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும் இல்லாத ஒன்றாகவும் இருக்கலாம். ஓடிவிடலாம். செருப்பைக்கூட எடுக்க வேண்டாம். கேட்டைத் தாண்டினால் ரோடு. ரோட்டில் பஸ் வரும்.

நாற்காலியை விட்டு அவள் எழவில்லை.

அவளுடைய இரண்டு பாதங்களுக்கும் நடுவே, டைல்ஸின் ஒட்டுக் கோட்டில் வெள்ளையாக விரிசல் ஓடியது. விரிசலிலிருந்து சுண்ணாம்புத் தூள் பொரிந்து மேலே வந்தது. ஒரு மூலை தூக்கியது. விரல்நகத்தின் அகலம்தான். உள்ளே இருட்டு. இருட்டுக்குள் இன்னும் வெளுத்த ஏதோ ஒன்று. பொறுமையாக, டைல்ஸின் விளிம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் தலையை நிமிர்த்தி மேனேஜரைப் பார்த்தாள். அவர் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

வெற்றிச்செல்வி சத்தமாகவே கேட்டாள்.

"தோண்டுங்க சார்."