குழாயில் வந்த ஐந்தாவது தட்டு

உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் நாலு பேர். குழாயில் வந்தது ஐந்து தட்டு.

சுரங்கத்தில் பாறை சரிந்தால், கீழே போகிற தண்ணீர்க் குழாயை மேலிருந்து சுத்தியலால் ஒரு அடி அடித்துக் கேட்பார்கள். உள்ளே எத்தனை பேருக்கு உயிர் இருக்கிறதோ அத்தனை தட்டு பதிலாக வரும். ஊரிகம் தங்கச் சுரங்கத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். அன்று சாயங்காலம் மழை இருட்டில் கோவிந்தன் மேஸ்திரியும், சாராவும், அவளைப் போலவே புருஷனை உள்ளே விட்டுவிட்டு நின்ற மங்கம்மாவும் ஜெயம்மாவும் ஆளுக்கொரு கையைக் குழாயின்மேல் வைத்திருந்தார்கள். துரு வாடை மூக்கில் ஏற, எங்கோ ஆழத்தில் தண்ணீர் சொட்டும் சத்தத்துக்கு நடுவே, அந்த ஐந்து தட்டும் ஒரே அளவாக, கொஞ்சமும் அவசரமில்லாமல் இரும்பில் ஏறி வந்து சாராவின் உள்ளங்கையைத் தொட்டன. சாகக் கிடக்கிறவன் இவ்வளவு நிதானமாகத் தட்டுவானா என்று அவளுக்குத் தோன்றியது.

"அஞ்சு வருதே, அண்ணே."

கோவிந்தன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நாலுன்னு சொல்லு, தங்கச்சி. தட்டு தப்பா வருதுன்னு தொரைக்குத் தெரிஞ்சா தோண்டறத நிறுத்திடுவான். இன்னா, உம் புருசன் வேணுமா வேணாவா?"

வேண்டும். சுந்தரராஜ் அவளுக்கு வேண்டும். எவ்வளவு கடுமையான வேலை செய்து வந்தாலும் வீட்டில் கை நீட்டாத மனுஷன். சாரா நாலு என்றாள். மற்ற இருவரும் நாலு என்றார்கள். சுரங்கத் துரை நம்பினார்.

மறுநாள் பாறையில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. நாலு பேரும் தூங்குவதுபோல் வரிசையாகக் கிடந்தார்களாம், ஒவ்வொரு நெஞ்சிலும் உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளமாம். எடுப்பதற்குள் பாறை மறுபடி சரிந்துவிட்டது. அதற்கு முன்னால் அந்த ஓட்டை வழியாக வெளியே வந்த பெயர் தெரியாத பிராணிகளில் ஒன்றைத்தான் கடப்பாரையால் அடித்துக் கொல்ல முடிந்தது. மற்றவை தரைப் பிளவுகளுக்குள் தண்ணீர்போல இறங்கிப் போய்விட்டன.

செத்த அதைச் சாக்கில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். பிணம் அறுக்கிற மேஜையைக் கழுவுவது சாராவின் வேலை. தாலியறுத்தவளுக்கு ஒரு நாள் விடுப்பு கொடுக்கவும் அங்கே யாருக்கும் தோன்றவில்லை. விளக்கைப் பிடி என்றார் துரை டாக்டர். பிடித்தாள்.

கன்றுக்குட்டி நீளம். உரித்த முட்டைபோல் வழவழவென்ற உடம்பு. கண் இல்லை, எலும்பு இல்லை. அடிப்பக்கம் முழுக்கப் பறைத்தோல் மாதிரி விறைப்பான சின்னச் சின்ன வட்டங்கள். டாக்டர் நெஞ்சைக் கீறினார். உள்ளே தசையில் தொங்கியது ஒரு கெட்டிக் குமிழ், அதன் எதிரே ஒரு ஓடு. அவர் தோல் வட்டத்தில் கையை வைத்தார்.

டக்.

செத்த உடம்பு தட்டியது. டாக்டர் சந்தோஷமாகி, காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் ஜெயகரனையும் கை வைக்கச் சொன்னார். டக். டக்.

"நரம்பு இன்னும் சாவலையாம்," என்று டாக்டரின் இங்கிலீஷை ஜெயகரன் அவளுக்குச் சொன்னார். "நம்ம நெஞ்சு துடிக்கறது இதுக்குத் தோல்ல கேக்குதாம். எத்தினி நெஞ்சோ அத்தினி தட்டாம்."

பிறகு வயிற்றுப் பையைத் திறந்தார்கள். பிடியளவில் நாலு இருந்தன, கரையாமல்.

"எதுங்க ஐயா எம் புருசனுது?" என்றாள் சாரா.

யாருக்குத் தெரியும். டாக்டர் நாலையும் ஒரே கண்ணாடி ஜாடியில் போட்டு ஸ்பிரிட் ஊற்றினார். சீமைக்கு அனுப்புவாராம். கப்பலைக் கண்ணால் பாராத மனுஷனின் நெஞ்சு கப்பலேறப் போகிறது. புதைக்க இவளுக்கு ஒரு பிடிகூட இல்லை. சாரா வெளியே ஓடி வாந்தி எடுத்தாள். கொஞ்ச நாளாகவே காலையில் இப்படித்தான், ஸ்பிரிட் நாற்றம் என்று நினைத்திருந்தாள்.

கூலிக்காரர்களின் லைன் வீட்டுக்கு நடக்கும்போது ஒன்று உறைத்தது. கீழே இருந்தது ஆண்களை எண்ணவில்லை, குழாயைப் பிடித்தவர்களை எண்ணியிருக்கிறது. மேஸ்திரி, மங்கம்மா, ஜெயம்மா, தான். நாலு பேர்தானே. அப்புறம் ஏன் ஐந்து?

கதவை அடைத்தாள். மகள் ஐடா வந்து மடியில் தலை வைத்துப் படுத்தாள். மூங்கில் தட்டிச் சுவரில் மழை அடித்தது. மண்தரையில் ஈர வாடை. ஈரத்தோடு இன்னொரு வாடையும்.

ஆஸ்பத்திரி மேஜையின் வாடை.

டக்.

தரைக்குக் கீழே. சாரா மூச்சை அடக்கினாள். மகளின் வாயைப் பொத்தினாள். நெஞ்சை எதைக்கொண்டு பொத்துவது.

டக்.

இரண்டு. வீட்டில் இரண்டு பேர். இதோடு நிற்கட்டும், கர்த்தரே. இதோடு நிற்கட்டும்.

டக்.

மூன்று.

காலை வாந்தி. தள்ளிப்போன நாள். குழாயில் வந்த அந்த ஐந்தாவது. சுந்தரராஜிடம் சொல்லாமலே போனது, அவளுக்கே தெரியாமல் இருந்தது.

கை தானாக அடிவயிற்றுக்குப் போனது. அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே, ஈரமண் மெதுவாக மேலே எழும்பியது.