கோமளா வேஷம்

"பட்டாசல்ல லைட்டப் போடலியா?" என்று கேட்டபடி கனிமொழி சமையலறைக்குள் வந்தாள். கேட்ட பிறகுதான் அவளுக்கே திக்கென்றது. அது என்ன வார்த்தை?

அடுப்பில் பாலைக் கிண்டிக்கொண்டிருந்த தங்கம் கரண்டியோடு திரும்பினாள்.

"என்னட்டி சொன்னே?"

"ஹால்ல லைட் போடலையான்னு கேட்டேன், மம்மி."

"பட்டாசல்ன்னே. எங்க சங்கரன்கோவில் வீட்டுல ஹால அப்படித்தான் சொல்லுவோம். டெல்லி வந்து நானே அந்தச் சொல்ல மறந்துட்டேன். நீ எங்கட்டி படிச்சே?"

கனிமொழி தோளைக் குலுக்கினாள். தங்கத்தின் முகத்தில் மட்டும் வெகுநாளாகக் காணாத ஒரு சிரிப்பு வந்து நின்றது.

கனிமொழி பிறந்து வளர்ந்ததெல்லாம் தில்லிதான். வயது இருபத்தெட்டு. நொய்டாவில் ஒரு கம்பெனியில் படங்களுக்கு இந்தி சப்டைட்டில் எழுதுகிறாள். ஊர்க் கல்யாணங்களில் அவள் தமிழில் வாயைத் திறந்தால் சித்தி பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒருமுறை அழுதுவிட்டு, அதற்குப் பின் தமிழையே விட்டுவிட்டாள். அப்பா இறந்த பிறகு மயூர் விஹார் பிளாட்டில் அம்மாவும் அவளும்தான். அம்மா தமிழில் கேட்பாள். மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமல் "அச்சா, அச்சா" என்பாள். மீதி நேரமெல்லாம் டி.வி. பேசும்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவள் விளையாடப் போவாள். மேடையும் இல்லாத, பார்வையாளரும் இல்லாத நாடகம் அது. ஆளுக்கொரு வேஷத்தை எடுத்துக்கொண்டு பகல் இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை அந்த ஆளாகவே சமைக்கவும் சண்டைபோடவும் சிரிக்கவும் வேண்டும். வசனம் கிடையாது, பேசப் பேசக் கதை வளரும். குழுவை நடத்தும் கிருஷ்ணபிரசாத், லக்ஷ்மிபாய் நகரில் குடியிருந்தவர்கள் காலிசெய்துவிட்டுப் போன ஒரு பழைய குவார்ட்டர்ஸைத் தெரிந்தவர் மூலம் பிடித்திருந்தான். எழுபதுகளில் தில்லிக்கு வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள், இதுதான் ஆட்டம். சட்டம் ஒன்றே ஒன்று. யாருக்காவது பயம் வந்தால் தன் சொந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அந்த நொடியே ஆட்டம் நின்றுவிடும்.

முதல் நாள் கொடுத்த தாளில் கனிமொழி மனதில் பட்டதை எழுதினாள். கோமளா. வயது இருபத்தாறு. குமாஸ்தாவின் மனைவி. அவ்வளவுதான்.

கோமளாவாக இருப்பது அத்தனை சுகமாக இருந்தது. நூல் புடவையைக் கட்டி, கண்ணாடி வளையலைப் போட்டுக்கொண்டு அந்தக் காரை பெயர்ந்த அறைக்குள் கால் வைத்தால் கூச்சமெல்லாம் வாசலிலேயே கழன்று விழுந்துவிடும். ஆபீஸ் மீட்டிங்கில் எச்சில் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் இங்கே தொடையில் தட்டிச் சிரித்தாள். புருஷனாக நடித்த அக்ஷயோடு வெங்காயத்துக்காக அரை மணி நேரம் சண்டை போட்டாள். அதுவும் தமிழில். திக்காத, தேடாத, தண்ணீராக ஓடுகிற தமிழில். மற்றவர்கள் தங்கள் வேஷத்தை மறந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "எங்கே கத்துக்கிட்டே கனி?" என்று அக்ஷய் கேட்டபோது, "அம்மா பேசுவாங்க இல்ல, காதுல விழுந்திருக்கும்" என்றாள். அப்போது அவளும் அதை நம்பினாள்.

நாலாவது ஆட்டம் ஜனவரியில் நடந்தது. காலையிலிருந்தே பனிமூட்டம் விலகவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு ஜன்னலுக்கு வெளியே இருந்த வேப்பமரம் பாதிதான் தெரிந்தது. புறாக்கள் பரணில் குமுறுகிற சத்தமும், ஈரச் சுண்ணாம்பின் வாடையும், எங்கோ யாரோ குப்பை எரிக்கிற புகையும் அறைக்குள் வந்து தேங்கிக் கிடந்தன. அதற்கெல்லாம் அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. காய்ச்சின தேங்காய் எண்ணெய். யார் தலையிலும் எண்ணெய் இல்லை. வருஷக்கணக்கில் அடுப்பெரியாத சமையலறையிலிருந்து அது வந்துகொண்டிருந்தது.

ஆட்டத்தில் அக்ஷய் ஆபீஸ் முடிந்து வீடு திரும்புகிற இடம். பையை மாட்டிவிட்டு, "என்ன கோமளா, பகலெல்லாம் என்ன பண்ணே?" என்று சும்மா கேட்டான்.

"என்னத்தப் பண்ண? எங்க வீட்டுக்காரவிய காலைல வெளிய பூட்டிட்டுப் போனாவன்னா சாயங்காலந்தான் வருவாவ. சன்னல்ல நிப்பேன். எதுத்தாப்ல உள்ளவளுக்கு நம்ம பேச்சு தெரியாது. எனக்கு அவ பேச்சு தெரியாது. செவரு கூடப் பேசுவேன்."

கனிமொழி இதை யோசிக்கவில்லை. வாய் பேசிக்கொண்டிருந்தது, அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்புறம்?" என்றான் அக்ஷய். அவன் குரல் இறங்கியிருந்தது.

"அப்புறம் பேச்சே வரல. நாக்கு ஒட்டிக்கிட்டு. காய்ச்சல்ல கெடந்தேன். தண்ணின்னு கேக்கக்கூட வாய் வரல. அப்படியே செத்துட்டேன்."

வளையல் ஒலித்தது. அவள் கையை அசைக்கவே இல்லை.

"அக்ஷய்!" என்று அவன் கத்தினான். "என் பேரு அக்ஷய். கேம் ஸ்டாப். கனி, இது நீ எழுதிக் கொடுத்த தாள்ல இல்லையே? ஏன் இப்படிப் பண்றே?"

கிருஷ்ணபிரசாத் உள்ளே ஓடி வந்தான். எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்தான். "சில சமயம் வேஷம் நமக்குள்ள கசிஞ்சிடும், பயப்படாதீங்க. அச்சா, எல்லாரும் அவங்கவங்க பேரைச் சொல்லுங்க. ஜல்தி, வீட்டுக்குப் போகலாம்."

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அவள் முறை வந்தது. பெயர் தெரிந்தது. மனதில் எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. வெகுநேரத்துக்குப் பின், "கனி... மொழி" என்று வந்தது. அறிமுகமில்லாத ஊரின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி வாசிக்கிற மாதிரி.

"இனிமே நீ கொஞ்ச நாள் வராதே கனி" என்றான் கிருஷ்ணபிரசாத், அன்பாகத்தான்.

அவள் போகவில்லை. புடவையையும் வளையலையும் குப்பையில் போட்டாள். ஆனால் ஆட்டம் நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆபீஸில் இந்தி எழுத்துகள் கோடுகளாகத் தெரிந்தன. அரை மணி நேரத்தில் சரியாயிற்று. வியாழக்கிழமை மெட்ரோவில் ஒரு பெண் இந்தியில் ஏதோ கேட்டாள். ஒரு சொல்கூடப் புரியவில்லை. வெள்ளிக்கிழமை லீவு போட்டாள். வீட்டில் தலையணையெல்லாம் தேங்காய் எண்ணெய் வாடை.

தங்கம் மட்டும் மலர்ந்துகொண்டே வந்தாள். டி.வி. அணைந்தே கிடந்தது. அம்மாவும் மகளும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசினார்கள். எந்தத் தெருவில் எந்தக் கிணறு, யார் வீட்டுச் சொதி ருசி, எந்த வருஷம் தேர் அச்சு முறிந்தது. அவளே பார்த்திராத ஊரைப் பற்றி அவள் வாய் அம்மாவுக்குச் சரிக்குச் சரி சொன்னது. தங்கம் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "இப்பத்தான்ட்டி எனக்கு வீட்டுல ஆள் இருக்கு" என்றாள்.

கனிமொழி உள்ளேயிருந்து பார்த்தாள். பூட்டிய வீட்டு ஜன்னலிலிருந்து தெருவைப் பார்க்கிற மாதிரி. கையை அசைக்க நினைத்தாள். கை அசையவில்லை. கத்தினாள். வெளியே அவள் வாய் மாவடு ஊறப்போடும் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. பகல் பதினொரு மணி. பால்கனியில் வெயில் வந்திருந்தது. தங்கம் அவளை முன்னால் உட்கார வைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

நடுவில் அந்த வாய் மூச்சு வாங்க நின்றது.

ஒரு நொடி.

கனிமொழி தன் பலத்தையெல்லாம் திரட்டித் தள்ளினாள்.

"மம்மி."

தங்கத்தின் கை நின்றது.

"மம்மி... பச்சாவோ... மைன் அந்தர்..." காப்பாத்து, நான் உள்ளே இருக்கேன் என்று இந்தியில்தான் வந்தது.

சீப்பு விழுந்தது. தங்கம் எழுந்து முன்னால் வந்தாள். குனிந்தாள். மகளின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, கண்ணுக்குள் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். கனிமொழி அந்தப் பார்வையைத் தொட்டாள். பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது. அம்மா தூக்கிவிடுவாள்.

தங்கத்தின் கண் நிறைந்தது. வலது கையை மெல்ல எடுத்தாள். உள்ளங்கையால் மகளின் வாயைப் பொத்தினாள். மிருதுவாகத்தான். பிறகு அழுத்தி.

"கொஞ்சம் சும்மா இருட்டி" என்றாள். "அவ பேசட்டும்."