ஃபியூஸ் அவள் கையில்

மெயினை இறக்கிய பிறகும் கன்ட்ரோலர் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சில நாட்களாகவே கிணற்று மோட்டார் தானாக ஓடியது, தானாக நின்றது. தண்ணீருக்குள் தொங்கும் சென்சாரில் சேறு அடைத்திருக்கும் என்றார் எலக்ட்ரீஷியன். போகும்போது எச்சரித்தார். "உள்ள இறங்குறவர் பாக்கெட்லதான் ஃபியூஸ் இருக்கணும். யார்கிட்டயும் குடுத்துடாதீங்க. தண்ணில நிக்கும்போது கரண்ட் வந்தா அவ்வளவுதான்."

கணவனின் சட்டைப்பை கிழிந்து தொங்கியது. தைத்துத் தருகிறேன் என்று அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பை. ஃபியூஸைப் பிடுங்கினான். விளக்கு அணைந்தது. அதை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினான்.

"என் உசுரு இப்ப உன் கையில. பழைய கணக்கெல்லாம் நான் மேல வந்தப்புறம் தீத்துக்கோ."

"போதும் பேச்சு. பாத்து இறங்குங்க."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. படிகள் தொடங்கும் இடத்தில் குனிந்து நின்றாள். அவன் வெறுங்கால்கள் இரும்புப் படிகளில் பட்ட ஓசையும், பாசியும் துருவும் கலந்த குளிர்ந்த வாடையினூடே அவன் தனக்குத்தானே முணுமுணுத்ததும் மேலேறி வந்து, மெல்லத் தேய்ந்து, கடைசியில் தண்ணீர் ஒருமுறை சளக்கென்றதோடு நின்றுபோயின.

"என்னங்க?"

அவள் குரல்தான் சுவரைச் சுற்றித் திரும்பி வந்தது.

"என்னங்க, காதுல விழுதா?"

பின்னால் ஈரக் காலடி.

திரும்பினாள். கன்ட்ரோலர் பெட்டியருகே, சொட்டச் சொட்ட நனைந்து, அவன். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. கோபமும் கூடவே வந்தது.

"கூப்பிட்டா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பயந்தே போயிட்டேன்."

"ஃபியூஸைக் குடு."

கொடுத்தாள். அவன் விரல்கள் சில்லென்றிருந்தன. சேற்று வாடை. படியேறி வந்திருந்தால் அவளைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். அது அப்போதுதான் உறைத்தது.

அவன் சட்டையைப் பார்த்தாள்.

பை கிழிந்திருக்கவில்லை.

கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. மூச்சிரைக்க, சிரிப்போடு. "மூழ்கித் தேடினேன், அதான் கேக்கல. சென்சார் கிடைச்சிடுச்சு. இடுப்பளவு தண்ணில நிக்கிறேன். ஃபியூஸ் உன்கிட்டதானே இருக்கு?"

வாயைத் திறந்தாள்.

பச்சை விளக்கு எரிந்தது.