சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்

"ஏங்க... கேக்குதா இல்லையா?"

மூன்றாவது தடவை கத்தியேவிட்டாள் அவள். தொப்பலாக நனைந்திருந்தாள். பாலத்து ஏற்றத்தில் ஏறும்போதே இடுப்பு முறிந்துபோன சைக்கிளை, பாதி தூக்கியும் பாதி இழுத்தும் கொண்டுவந்திருந்தாள். சைக்கிள் கடைக்குள் இருந்தவனோ முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஏதோ ஒரு குழாயை அரத்தால் ராவிக்கொண்டே இருந்தான். என்ன திமிர்!

சைக்கிளை அவன் மேசை மீதே தடாலென்று சாய்த்தாள். அவன் துள்ளித் திரும்பினான்.

பெரிய கண்கள். மழை வெளிச்சம் முழுக்க அதில்தான் வந்து நின்றது போலிருந்தது... ஆனால் அந்தக் கண்கள் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. நேராக அவள் உதட்டில் வந்து உட்கார்ந்தன. நகரவே இல்லை.

"என்ன பார்க்கறீங்க?"

"நீங்க பேசறதைத்தான்."

அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. கல்லாவில் இருந்த அவன் அக்கா அவசரமாக எழுந்து வந்தாள்.

"தப்பா எடுத்துக்காதம்மா. வேலைல இறங்கிட்டா இவனுக்கு இடி விழுந்தாலும் தெரியாது. என்ன வேணும்னு இவன் மூஞ்சியப் பார்த்தே சொல்லு."

"தினம் வேலைக்குப் போக ஒரு ஃபிரேம் வேணும். சக்கரம், பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இனிமே உடையக் கூடாது. அவ்வளவுதான்."

"எவ்வளவு தூரம்?"

"பதினோரு கிலோமீட்டர். போறதுக்கு மட்டும்."

"மழைலயுமா?"

"பார்த்தா தெரியல?"

அவன் சிரித்தான். பார்வை மட்டும் உதட்டை விட்டு அசையவில்லை. "முதுகுப் பையில என்ன?"

"சாப்பாடு, மாத்துத் துணி, ரெண்டு புத்தகம்... ஏன், உங்களுக்கும் வேணுமா?"

"அதையெல்லாம் நீங்க சுமக்காதீங்க, சைக்கிள் சுமக்கட்டும். பின்னால கேரியர் மாட்ட ஓட்டை வேணும். மட்கார்டுக்கு எடம் வேணும். தடிமனான டயர் நுழையணும். எடை கொஞ்சம் கூடத்தான் இருக்கும்."

"எனக்கு லேசா இருந்தாத்தான் பிடிக்கும்."

"லேசா இருந்ததுதானே இது?" முறிந்த இடத்தை விரலால் தடவினான். "ரொம்ப மெலிசான குழாய். இது ஒரு வார்த்தை சொல்லாம போயிடும். நல்ல ஸ்டீல் அப்படி இல்லைங்க. முனகும், பெயிண்ட் வெடிக்கும், கோடு விழும். சொல்லிட்டுத்தான் போகும். சொல்லும்போதே பார்த்துட்டா ஒட்டவும் வைக்கலாம்."

"அது சொல்றதக் கேக்க ஆள் வேணுமே!"

விளையாட்டாகத்தான் சொன்னாள். அக்காவின் முகம் ஏன் சட்டென்று சுருங்கியது என்று அவளுக்குப் புரியவில்லை.

அந்தத் தெருவில் அதற்குத் 'தட்டிப் பார்க்கிறவர் கடை' என்றே பெயர். பழைய ஃபிரேமை வாங்கி, பித்தளைக் கம்பியால் குழாய் குழாயாகத் தட்டி, ஓசை சுத்தமாக இருந்தால்தான் விற்பான். கண்ணுக்குத் தெரியாத விரிசலும் அவன் காதுக்குத் தப்பாது என்று பேச்சு. நாலு ஃபிரேம் இருக்கிறது, தட்டிப் பார்த்து வைக்கிறேன், அடுத்த வாரம் வாருங்கள் என்றான்.

அவள் மறுநாளே போனாள். அளவு எடுக்க என்று அதற்கடுத்த நாளும் போனாள். குறுக்குக் குழாயின் மேல் காலை இருபுறமும் ஊன்றி நிற்கச் சொல்லி, "ரெண்டு விரல் இடைவெளி வேணும்... நீங்களே வெச்சுப் பாருங்க" என்று மரியாதையாகத் தள்ளி நின்றான். பேசும்போது மட்டும் அதே பார்வை. அவள் வாயிலிருந்து விழும் ஒரு சொல்லையும் தரையில் விடாமல் ஏந்திக்கொள்கிற பார்வை. இருபத்தொன்பது வயது வரை அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வீட்டில் அவள் பேச ஆரம்பித்தாலே டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள்.

நான்காம் முறை போகும்போது உதட்டுக்கு லேசாகச் சாயம் பூசிக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்துத் துடைத்தாள். மறுபடி பூசிக்கொண்டாள்.

சிரிப்பதா அழுவதா... அவள் பிழைப்பே காதுதான்! பெரிய மருத்துவமனையில் காது கேட்கும் திறனைச் சோதிப்பவள். ஒலி புகாத அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்பவள். நோயாளிகள் வைத்த பெயர் 'பீப் மேடம்'. ஒருவர் உதட்டைப் பார்த்துப் பேசினால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மனசு ஒன்றுக்கு ஆசைப்பட்ட பிறகு, படித்த படிப்பெல்லாம் எங்கே வந்து நிற்கிறது? கோட்டை விட்டாள்.

அன்று அவளுக்காகக் கரும்பச்சை ஃபிரேம் ஒன்றை எடுத்து வைத்திருந்தான்.

"இதான் உங்களுது. நானே மூணு தடவை தட்டிப் பார்த்தேன்." கம்பியால் தட்டிக் காட்டினான். டிங்... டிங்... டிங்... கீழ்க்குழாயின் முடிவில், டக்.

"அங்க வேற மாதிரி கேக்குதே?"

"எங்க?"

"கடைசில. மத்ததெல்லாம் கணீர்னு இருக்கு, இது மட்டும் அடைச்ச மாதிரி..."

"பதினெட்டு வருஷமாத் தட்டறேங்க." குரலில் சுருக்கென்று கோபம். மறுபடி தட்டினான். டக். அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அவள் மேசையிலிருந்த உப்புத்தாளை எடுத்து அந்த இடத்துப் பெயிண்டைத் தேய்த்தாள். பச்சை போய், சாம்பல் போய், வெள்ளி தெரிந்தது. அதன் குறுக்கே தலைமுடி போல ஒரு கோடு.

அக்கா கல்லாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் அவனுக்கு எதிரே போய் நின்று, வாயை நன்றாகத் திறந்து, மெதுவாகக் கேட்டாள். பழக்கதோஷம். "எத்தனை நாளா?"

"மூணு வருஷம். முதல்ல மெல்லிசான சத்தமெல்லாம் போச்சு. இப்போ வலது காது பூராவும்..."

"அப்போ நீங்க என்னைப் பார்த்தது..."

"நீங்க பேசறதைத்தான்னு அன்னிக்கே சொன்னேனே."

உதட்டுச் சாயத்தைப் புறங்கையால் அழுத்தித் துடைத்தாள் அவள். வெட்கமா வலியா தெரியவில்லை. இத்தனை நாள் என்னை ஆசையாகப் பார்க்கிறான் என்று நினைத்தேனே... அவன் வெறும் வார்த்தையை அல்லவா பொறுக்கிக்கொண்டிருந்தான்!

"ஆஸ்பத்திரிக்கு வாங்க. டெஸ்ட் பண்ணலாம், கருவி இருக்கு..."

"பாவம்னு பார்க்காதீங்க!" வெடித்தான். "ஃபிரேம் வாங்க வந்தீங்க. ஃபிரேம் இல்ல. போயிட்டு வாங்க."

அவள் போய்விட்டாள். பத்தொன்பது நாள் பஸ்ஸில் வேலைக்குப் போனாள். ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்தாள். பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள்.

இருபதாம் நாள் காலை, மருத்துவமனையில் அறைக் கதவைத் திறந்தால் அவன். பின்னால் அக்கா.

"இனிமே என்னால முடியாதும்மா. எல்லாருக்கும் நானே பதில் சொல்லிச் சொல்லி இவனைக் கெடுத்து வெச்சிருக்கேன். நீயே பாரு." அக்கா வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

அவன் இளைத்திருந்தான். "இந்த மூணு வருஷத்துல பதினேழு பழைய ஃபிரேம் வித்திருக்கேன்" என்றான். "வாங்கினவங்க ஒவ்வொருத்தரையும் தேடிப் போய், பெயிண்டச் சுரண்டி, செவப்பு மை தடவிப் பார்த்தேன். விரிசல் இருந்தா மை காட்டிக் கொடுத்துடும். பதினாலு பார்த்தாச்சு, நல்லா இருக்கு. மூணு பேர் வீடு மாத்திட்டாங்க. எங்க இருக்காங்கன்னு தெரியல." சிவப்பு மைக் கறை படிந்த விரலைத் தேய்த்துக்கொண்டான். "பாலத்து எறக்கத்துல... அந்த விரிசலோட உங்களையே அனுப்ப இருந்தேனே!"

அவள் அவனை ஒலி புகாத அறையில் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டிவிட்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன். இந்தப் பக்கம் அவள். பீப்... பீப்... பொத்தான் அழுந்த வேண்டிய இடங்களில் அழுந்தவில்லை. தாளில் கோடு சரிந்துகொண்டே போனது. அப்படிச் சரிகிற கோடுகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இடது காதுக்கும் இன்னும் சில வருஷம்தான். கருவி கொஞ்ச நாளைக்குத் தாங்கும்.

அடுத்தது சொல் சோதனை. உதடு தெரியாதபடி வாயை அட்டையால் மறைத்துக்கொண்டாள். "நான் ஒவ்வொண்ணாச் சொல்வேன். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லுங்க."

"கல்."

"பல்."

"மரம்."

"மரம்."

"பாசி."

"பாதி."

பாதிதான்... பாதியாவது. எழுதிக்கொண்டே வந்தவளுக்கு எழுத்து கலங்கியது. ஒலியளவைத் தணித்தாள். இவ்வளவு சின்னச் சத்தம் அவனுக்குக் கேட்காது. நிச்சயமாகத் தெரியும், அவள்தானே அளந்தாள். அந்தத் தைரியத்தில், அட்டைக்குப் பின்னால், பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொன்னாள்.

அவன் எதையும் திருப்பிச் சொல்லவில்லை. அவள் தாளில் பதில் இல்லை என்று எழுதப் போனாள்.

"இப்போ ஏதோ சொன்னீங்க" என்றான் அவன்.

"லிஸ்ட்ல உள்ளதுதான்." அட்டையை ஒரு கணம் இறக்கிச் சொல்லிவிட்டு, மறுபடி வாயை மறைத்துக்கொண்டாள்.

"லிஸ்ட்ல உள்ளதுக்கு யாரும் அழ மாட்டாங்க."

அவள் நிமிர்ந்தாள். உதட்டுக்குத்தான் அட்டை. கண்ணுக்கு இல்லையே... கண்ணாடி வழியே அந்தப் பெரிய கண்கள் முதன்முறையாக அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தன.

"நீங்க போனதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது" என்றான். "பேச்சுக்காக மட்டும் பார்க்கலைன்னு. நீங்க பேசாத அன்னிக்கும் பார்க்கணும்னு இருந்துது. புதுக் குழாய் வாங்கி உங்க அளவுக்கு ஃபிரேம் செஞ்சு வெச்சிருக்கேன். தட்டல. நீங்க வந்துதான் தட்டணும்..." ஹெட்போனைத் தொட்டுக் காட்டினான். "சத்தத்தக் கூட்டி இன்னொரு தடவ சொல்லுங்க. கேக்கற காலத்துலயே கேட்டு வெச்சுக்கறேன்."

வெளியே பெஞ்சில் அடுத்த நோயாளி இருமினார். அவள் ஒலியளவைக் கூட்டினாள். அட்டையை இறக்கவில்லை. இறக்கினால் உதட்டைப் படித்துவிடுவான்... இது அவன் காதில் போய் விழ வேண்டும்.

"உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டான். பிறகு, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்ற விதிப்படி, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னான்.

"உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு."

அன்றைய தாளில் அவன் வாங்கியது ஐம்பதுக்கு இருபத்துநான்கு. சரியாகச் சொன்ன அந்த ஒன்றை மட்டும் அவள் அதில் சேர்க்கவில்லை.