கண்ணாடிப் பாத்தி

உப்புக் குவியல் மேல் ஏறிச் சறுக்கக் கூடாது என்று எங்கள் உப்பளத்தில் முன்பு யாரும் சொன்னதில்லை. என் தம்பி ராஜ்கமல் சறுக்கிய பிறகு எல்லாரும் சொல்கிறார்கள்.

சாக்கை விரித்து உட்கார்ந்தான். ராஜா மாதிரி இறங்கினான். கீழே வந்து சேர்ந்தபோது வலது கால் ஒடிந்திருந்தது. இப்போது மாவுக்கட்டோடு கட்டிலில் படுத்துக்கொண்டு ஓயாமல் கேள்வி கேட்கிறான். பதில் சொல்லும் வேலை அவன் அக்காவுக்கு. அதாவது எனக்கு.

என் பெயர் கீதாஞ்சலி. அறிவியலில் நான் புலி. பரீட்சை நாளில் மட்டும் அந்தப் புலி எங்கேயோ போய்ப் பதுங்கிக்கொள்ளும்.

நல்ல வேளையாக, உப்பளத்துக்கு ஒரு கேமரா வண்டி வந்தது. இரண்டு சக்கரம், நடுவில் நெட்டைக் கம்பம், உச்சியில் கேமரா, பக்கத்தில் சோலார் பலகை. அங்கே கரண்ட் கம்பி கிடையாது. வெயில்தான் வண்டிக்குச் சாப்பாடு. பறவைகளை ஆராய்ச்சி செய்யும் ரேணுகா அக்கா அதைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். உப்பு எடுக்காத ஒரு பாத்தியின் வரப்பில் பவளக்கால் உள்ளான் என்ற நெட்டைக்கால் பறவை முட்டை இட்டிருந்தது. கேமராவுக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலை.

கேமரா பார்ப்பதை அம்மாவின் போனிலும் பார்க்கலாம். ராஜ்கமலுக்காக ரேணுகா அக்காதான் அப்படிச் செய்து கொடுத்தார். அன்று முதல் எங்கள் வீட்டில் கேள்விகள் பாதியாகக் குறைந்தன. மீதிப் பாதி முழுக்க முட்டையைப் பற்றி.

நாலு முட்டைக்கும் அவனே பெயர் வைத்தான். இட்லி, வடை, பொங்கல், பூரி.

"அக்கா, பூரி எப்ப வெளிய வரும்?"

"பசிச்சா வரும்."

"முட்டைக்குள்ள இருட்டா இருக்குமா?"

"நீ போர்வைய இழுத்து மூடிப் பாரு. அப்படித்தான் இருக்கும்."

ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது அப்பா பெருமையாகச் சொன்னார். "அந்தக் கேமரா வண்டில பலகை காத்துல ஒருபக்கமா சாஞ்சு போயிருந்துச்சு, பாவம். நான்தான் நட்டைத் திருகி மட்டமா வச்சேன். தண்ணி பாட்டிலைப் படுக்கவச்சு மட்டம் பாத்தேன். ஒரு நூல் கூட ஏத்த இறக்கம் கெடையாது!"

அப்பாவின் பெயர் காசிலிங்கம். உப்புப் பாத்தியின் தரையை மிதித்து மட்டம் செய்வதில் மரக்காணத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பாத்தி மட்டமாக இருந்தால்தான் தண்ணீர் ஒரே அளவாக நிற்கும், வெயிலில் ஒரே அளவாகக் காயும். சாய்ந்த எதைப் பார்த்தாலும் அவர் கை சும்மா இருக்காது. எங்கள் வீட்டுக் காலண்டரைக்கூட வாரா வாரம் நேராக்குவார்.

அப்பா அப்படிச் சொன்னதற்கு மறுநாள் சாயங்காலம் போனில் படம் கறுப்பாகிவிட்டது. அடுத்த நாள் மத்தியானமே கறுப்பு.

ரேணுகா அக்காவுக்குப் போன் போட்டேன்.

"பேட்டரி போயிடுச்சு போல, கீதா. ஞாயித்துக்கிழமை வந்து வண்டிய ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துட்டுப் போறேன்."

"குஞ்சு எப்பக்கா பொரியும்?"

"அதுவும் இன்னிக்கு நாளைக்குன்னு இருக்குது. என்ன பண்றது, பாக்க முடியாதும்மா."

ராஜ்கமலிடம் சொன்னேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் கேள்வி கேட்காத ஒரு நாள் வராதா என்று நான் எத்தனையோ தடவை ஏங்கியிருக்கிறேன். வந்த பிறகு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. மத்தியானம் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். போகிற வழியில் கேமரா வண்டியை எட்டிப் பார்த்தேன். தூரத்து வரப்பில் அம்மாப் பறவை முட்டை மேல் உட்கார்ந்திருந்தது.

சோலார் பலகை கறுப்பாகத்தானே இருக்க வேண்டும்? அது வெள்ளையாக இருந்தது.

விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். விஞ்ஞானிகள் இப்படிச் செய்வார்களா தெரியாது. உப்பளத்துப் பிள்ளைகள் கட்டாயம் செய்வார்கள்.

உப்பு!

அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. பலகையைச் சுற்றி வரப்பு மாதிரி சட்டம். அது மட்டமாக இருந்ததால் ராத்திரிப் பனித் தண்ணீர் வழியாமல் தேங்குகிறது. பகலில் பறந்து வரும் உப்புத் தூசி அதில் கரைகிறது. வெயில் வந்ததும் காய்கிறது. அப்பா ஒரு நூல் பிசகாமல் அழகான பாத்தி போட்டிருக்கிறார், கண்ணாடி மேல்!

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றும் போனது. "நீதாம்பா கெடுத்தே" என்று எப்படிச் சொல்வது? பலகையை மட்டமாக்கிய கதையை அவர் உப்பளம் முழுக்கச் சொல்லியிருக்கிறார். போதாததற்கு, ராஜ்கமல் வாடிப்போனதற்குத் தானே காரணம் என்று தெரிந்தால் சாப்பிடவே மாட்டார்.

ஆகவே முதலில் சாப்பிட வைத்தேன். அப்புறம் கேட்டேன்.

"அப்பா, ஒரு பாத்தில தண்ணி நிக்கவே கூடாதுன்னா இன்னா பண்ணுவே?"

"ஒரு பக்கத்தை இறக்கி வுட்டா வடிஞ்சிடும். ஏம்மா?"

"ஒரு பாத்தில உப்பு வெளையுது. நமக்கு வேணாம். வந்து பாரேன்."

அப்பா வந்தார். பார்த்தார். அவரும் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"நம்ம கைவேலைதானா இது?"

"நயம் உப்புப்பா," என்றேன். "நீ கை வச்சா கண்ணாடியில கூட வெளையுது."

முதலில் அவர் மீசை ஆடியது. பிறகு தோள் ஆடியது. பிறகு வாய்விட்டே சிரித்துவிட்டார். "யாருகிட்டயும் சொல்லிடாதடி!"

அதே வேகத்தில் வாளியை எடுத்துப் பக்கத்துப் பாத்தியில் தண்ணீர் மொள்ளப் போனார். பாதி வழியில் அவரே நின்றார். "ஐயையோ, இதை ஊத்தினா இன்னொரு மூட்டை உப்பு வெளையும்!"

குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றித்தான் கழுவினோம். என் துப்பட்டாவால் துடைத்தேன். அன்று முழுவதும் எனக்கு ஒரே தாகம். வண்டிக்காகத் தாகத்தைத் தாங்கிய வீராங்கனை என்று யாரும் என்னைப் பாராட்டவில்லை. அம்மா துப்பட்டாவுக்காகத் திட்டினாள்.

"எந்த அளவுக்குச் சாய்க்கறது?" என்றார் அப்பா. "மட்டம்னா எனக்குத் தெரியும். சாய்வுக்கு ஏது கணக்கு?"

என் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கண்ணாடி மேல் செங்குத்தாக நிறுத்தினேன். நிழல் நீளமாக விழுந்தது.

"பலகை சூரியனை நேருக்கு நேரா பாத்தா நிழலே விழாதுல்லப்பா? மெதுவா தெக்கால சாய்ச்சிக்கிட்டே வா."

அப்பா நட்டைத் தளர்த்திச் சாய்த்தார். நிழல் குட்டையானது. இன்னும் குட்டையானது. கடைசியில் பென்சிலின் காலடியில் போய் ஒளிந்துகொண்டது.

"நில்லு!"

அப்பா நட்டை இறுக்கினார். மீதி இருந்த தண்ணீரைக் கண்ணாடி மேல் விட்டேன். ஒரு சொட்டுக்கூடத் தங்காமல் வழிந்து ஓடியது.

"சாஞ்சிருந்தாலும் அழகாத்தான் இருக்குது," என்றார் அப்பா.

சாயங்காலம் போனில் படம் வந்தது. தூங்கப் போகும்வரை அணையவில்லை. ராஜ்கமல் போனைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டான்.

விடிந்ததும் அவன் போட்ட சத்தத்தில் நான் பாயிலிருந்து உருண்டுவிட்டேன்.

"அக்கா! வடை வந்துடுச்சு! பொங்கலும் வருது!"

எல்லாரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். ஈரப் பஞ்சு உருண்டை மாதிரி ஒரு குஞ்சு. உடம்பை விட நீளமான கால். எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது.

"அதுக்கும் கால் நிக்கலப்பா," என்றான் ராஜ்கமல். "ஆனா நின்னுடும்."

"உனக்கும்தாண்டா," என்றார் அப்பா.

வண்டியை இழுத்துப் போக வந்த ரேணுகா அக்கா, பலகையைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "பேட்டரி நல்லாத்தான் இருக்குது! யாரு இவ்வளோ கச்சிதமா சாய்ச்சு வச்சது?"

நான் அப்பாவைக் காட்டினேன். அப்பா என்னைக் காட்டினார்.

வண்டி அங்கேயே நிற்கிறது. அப்பாவுக்குப் படிப்பு என்றால் கையெழுத்து மட்டும்தான். ஆனாலும் இப்போதெல்லாம், பலகையில் நிழல் பார்க்க, காதில் ஒரு பென்சில் இல்லாமல் உப்பளத்துக்குப் போவதில்லை. அது என்னுடைய பென்சில். திருப்பிக் கேட்கலாம் என்றுதான் இருக்கிறேன், பூரியும் இட்லியும் நன்றாக ஓடப் பழகட்டும்.